கடைசல் கட்டை: ஒரு பலாமரம் கற்றுத் தந்த பாடம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த நான் அம்மி பறந்ததைப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் பாட்டனார் வைத்த பலாமரம் ஓர் ஆடி மாத இரவில் வேரோடு சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் மரத்தைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. அடிவாரத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு விறகு விலை சொன்னார். என் தந்தையார் பதில் பேசவில்லை. எங்கள் அப்பாயி மட்டும், “ஐம்பது வருசம் சோறு போட்ட மரத்தை அடுப்புக்கா விக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் நான் கற்றுக்கொண்டதுதான் இக்கட்டுரை. மரத்தைக் கடைசலுக்கு ஏற்ற கட்டையாக எப்படி எடுப்பது என்பதைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சரியாகச் செய்ததை மட்டுமன்றி, நான் செய்த பெரும் பிழையையும் சேர்த்தே சொல்கிறேன். ஏனெனில் சரியாகச் செய்ததைவிடப் பிழையிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன்.

கடைசல் என்பது என்ன?

மரத்தைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியைப் பிடித்து உருண்டை வடிவம் கொடுக்கும் தொழிலே கடைசல். கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம், மத்து, நடைவண்டிச் சக்கரம், பூரிக்கட்டை, சொப்புச் சாமான் யாவும் கடைசல் பட்டறையில் பிறந்தவையே. தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது தற்செயல் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. மின்சாரம் வருவதற்கு முன் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மத்துப் போலவே கட்டை முன்னும் பின்னும் சுழன்றது; மற்றொருவர் உளி பிடித்தார். இன்று மோட்டார் சுழற்றுகிறது. உளியும் கண்ணும் மாறவில்லை.

கடைசல்காரரின் கையில் சேரும் கட்டை நன்றாயிருந்தால்தான் பொருள் நன்றாயிருக்கும். வெடித்த கட்டையை எந்தக் கைத்திறனும் காப்பாற்றாது. எனவே கடைசலின் பாதி வேலை, மரம் தரையில் கிடக்கும்போதே முடிந்துவிடுகிறது எனலாம்.

எந்த மரம் ஆகும்?

தொல்காப்பியர் மரபியலில் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறார். உள்ளே வயிரம் உடையது மரம். வெளிப்புறத்தே வயிரம் உடையது புல். இந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். பலாவும் தேக்கும் மரம். தாவரவியல் வகுப்பில் நாம் படிக்கும் ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டுக்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது என்று எண்ணி வியக்கலாம். கடைசலுக்கும் இதுவே முதற்பாடம். பலாக் கட்டையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் வெளியே வெளிறிய வெள்ளைப் பகுதியும் உள்ளே மஞ்சள் நிற வயிரமும் தெளிவாகத் தெரியும். நாள் ஆக ஆக அந்த மஞ்சள் பழுப்பாக மாறும். வயிரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் உளுப்பூச்சி அதைத்தான் முதலில் தேடி வரும்.

பலா கடைசலுக்கு மிகவும் ஏற்ற மரம் என்பதற்குப் பண்ணுருட்டியே சான்று. அங்கிருந்து வரும் பலா மரத்தில்தான் தஞ்சாவூர் வீணை செய்கிறார்கள். 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது அவ்வீணை. மிருதங்கத்தின் உடலும் பலாக் கட்டையைக் கடைந்து, உட்புறம் குடைந்து எடுக்கப்படுவதே. ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள ஒரே உருளையிலிருந்து அது உருவாகிறது.

வேறு மரங்களும் உண்டு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் செய்யப்படும் அரக்குப் பொம்மைகள், நம் ஊர்க் காடுகளிலும் வளரும் வெட்பாலை மரத்தில் கடையப்படுபவை. தந்தம் போன்ற வெண்மையும் நெருக்கமான இழையும் அதன் சிறப்பு. சுழலும் கட்டையின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பற்றிக்கொள்ளும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைவதோ ஆச்சா மரத்தில். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டுகள் காய்ந்த உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்த நாகசுரத்தின் இரகசியத்தில் ஒரு பங்கு பொறுமையே.

எங்கள் மலையில் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி படரவும் வைக்கப்படும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. அதை நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் அறுத்தால் சரிகை போன்ற பளபளப்பான புள்ளிகள் தெரியும். அழகிய மரம், ஆனால் பெரும்பாலும் ஒட்டுப்பலகைக்கும் பெட்டிக்குமே போகிறது.

சாய்ந்த மரத்தை அறுத்தல்

எங்கள் மரத்துக்கு வருவோம். மரம் நம் பட்டா நிலத்தில் நின்றதாயினும் எண்ணியபடி அறுத்து ஏற்றிச் செல்ல முடியாது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைத் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 கட்டுப்படுத்துகிறது. ஆகவே முதலில் அலுவலர்களிடம் தெரிவித்து, அனுமதி பெற்ற பிறகே ரம்பம் தொட்டோம்.

நிற்கும் மரத்தை வெட்டுவதைவிடச் சாய்ந்த மரத்தை அறுப்பது ஆபத்தானது என்று என் பெரியப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. அறுக்கும்போது புரிந்தது. நிற்கும் மரமாயின், விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே ரம்பம் வைத்து அறுத்து, இடையில் ஒரு கீற்றுக் கீல் போல விட்டுவைத்தால் அது சொன்ன திசையில் விழும். சாய்ந்த மரத்திலோ இழுவிசையும் அழுத்தமும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரியாது. இரு முனையும் தாங்கலில் இருந்து நடுப்பகுதி தொங்கினால் மேற்புறம் அழுத்தத்திலும் கீழ்ப்புறம் இழுவிசையிலும் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டுக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் முறை தலைகீழ். மாற்றிச் செய்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும். அல்லது மரம் பிளந்து எகிறும்.

இன்னும் ஒன்று. தண்டை அடியில் அறுத்தவுடன், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு மீண்டும் குழிக்குள் சட்டென்று விழக்கூடும். வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களை அக்குழியின் பக்கமே பெரியப்பா அண்டவிடவில்லை.

கிளைகளைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. “கிளையும் மரம்தானே, கட்டை எடுக்கலாமே?” என்றேன். பெரியப்பா ஒரு கிளையின் வெட்டுமுகத்தைக் காட்டினார். நெஞ்சு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. சாய்வாக வளரும் கிளையில் பாரத்தைத் தாங்க மேற்புறம் தனி வகை இழைகள் உருவாகின்றன. இது இழுவிசை மரம் எனப்படும். காயும்போது அது ஒரு பக்கமாகச் சுருங்கிக் கட்டையை முறுக்கிவிடும். எனவே கிளைகள் விறகுக்குப் போயின. நேராக வளர்ந்த அடித்தண்டே கட்டைக்கு நின்றது.

நான் செய்த பிழை

அடித்தண்டில் இரண்டரை அடி நீளத்தில் இரண்டு உருளைகள் கிடைத்தன. இரண்டும் வயிரம் பாய்ந்தவை. மிருதங்கத்துக்கு ஆகும் என்று அடிவாரத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அய்யா சொல்லியிருந்தார். அவற்றுக்குக் கிடைக்கும் தொகையைத் தங்கையின் விடுதிக் கட்டணத்துக்கு என்று தந்தையார் மனத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். “நீதான் மரத்தைப் பத்திப் படிக்கிறவன், நீயே பார்த்துக்கொள்” என்று பொறுப்பை என்னிடம் விட்டார். ஆசாரி அய்யா தொலைபேசியில், “தம்பி, நான் வர்ற வரைக்கும் முனையில சாணியும் செம்மண்ணும் குழைச்சுப் பூசி நிழல்ல போடுங்க” என்றார்.

நான் என்ன செய்தேன்? ஈரம் சீக்கிரம் வெளியேறினால் நல்லது தானே என்று என் அரைகுறை அறிவு சொல்லிற்று. இரண்டு உருளைகளையும் பாறைமேல் உருட்டி நல்ல வெயிலில் காயப் போட்டேன். சாணி பூசுவதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கினேன்.

மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தபோது இரண்டின் முகத்திலும் நெஞ்சிலிருந்து பட்டைவரை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆசாரி அய்யா வந்து பார்த்தார். திட்டவில்லை. வெடிப்பில் விரலை வைத்து, “இது மரத்தோட குத்தம் இல்ல தம்பி” என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெடிப்பு ஏன் வருகிறது?

கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் உட்கார்ந்தேன். பச்சை மரத்தில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. செல்களின் உள்ளறையில் தேங்கிய நீர் ஒன்று. செல்சுவரோடு பிணைந்த நீர் மற்றொன்று. முதலில் வெளியேறுவது தேங்கிய நீர். அது போகும்போது மரம் எடை குறையுமே தவிரச் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் செல்சுவரின் நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம் ஆரம்பம்.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லை. நீளவாக்கில் மிகமிகக் குறைவு. நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஓரளவு. ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுற்றிச் செல்லும் திசையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இங்கேதான் வினை இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. ஆரமுள்ள வட்டத் துண்டு ஒன்றின் சுற்றளவு 188.5 செ.மீ. ஆரம் 3 விழுக்காடு சுருங்கினால் 29.1 செ.மீ. ஆகும், அந்த ஆரத்துக்குரிய சுற்றளவு 182.8 செ.மீ. ஆனால் சுற்றுத் திசையில் மரம் 6 விழுக்காடு சுருங்கி 177.2 செ.மீ.தான் இருக்கிறது. ஐந்தரை செ.மீ. மரம் போதவில்லை! சட்டை சிறுத்துவிட்டால் தையல் பிரிவதைப்போல, அந்தக் குறைதான் வெடிப்பாகத் திறக்கிறது.

அதோடு, மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை விடும். வேரிலிருந்து இலைக்கு நீர் சென்ற குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. முனை காய்ந்து சுருங்க, உள்ளே இருக்கும் ஈர மரம் சுருங்க மறுக்க, முனை கிழிகிறது. சாணிப் பூச்சு அந்த வாய்களை அடைக்கும் மூடி. இன்று மெழுகும் பெயிண்டும் செய்யும் வேலை அதுவே. சைலக் குழாய்களைத் தேர்வில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். ஆசாரி அய்யா அவற்றை அடைக்கச் சொன்னபோது எனக்குப் புரியவில்லை.

கட்டை எடுக்கும் முறை

மீதித் தண்டை ஆசாரி அய்யா அறுத்துக் காட்டினார். அவர் செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் தண்டின் முனையில் ஓர் அங்குலம் சீவி, மயிரிழை வெடிப்புகள் உள்ளனவா என்று பார்த்தார். வெடிப்பு மறையும்வரை சீவி எறிந்தார். பிறகு விட்டத்தைவிடச் சற்றே கூடுதலான நீளத்துக்குத் துண்டு போட்டார். அன்றைக்குக் கட்டையாக்க முடிந்த அளவே துண்டு போட வேண்டும் என்பது அவர் விதி. மீதியை நீளத் தண்டாகவே முனை பூசி நிழலில் விட்டுவைத்தால், பின்னர் முனையில் சில அங்குலம்தான் வீணாகும்.

அடுத்து, துண்டை நிறுத்திவைத்து நெஞ்சின் வழியே கோடு போட்டார். அந்தக் கோட்டின் இருபுறமும் ஓர் அங்குலம் விட்டு நேர் கீழாக அறுத்தார். நடுவில் நெஞ்சோடு கூடிய பலகை தனியே வந்தது. இருபுறமும் இரண்டு அரைவட்டத் துண்டுகள் கிடைத்தன. வெடிப்பின் மூலமான நெஞ்சு நீங்கிவிட்டதால் அரைத்துண்டு தாராளமாகச் சுருங்கலாம், கிழியாது. மிருதங்கத்தை முழு உருளையில் எடுத்தும் அது தாங்குவதன் காரணமும் இதுவே. குடையும்போது நெஞ்சு முழுவதும் வெளியேறிவிடுகிறது. மீதியுள்ள மெல்லிய சுவர் அசைந்து கொடுக்கிறது.

அரைத்துண்டின் தட்டையான முகத்தில் காம்பஸால் வட்டம் வரைந்து, மூலைகளை அறுத்து எண்கோணமாக்கினார். மரவை எனப்படும் மரக்கிண்ணத்துக்கு அது கட்டை. கட்டில் காலுக்கும் மத்துக்கும் வேறு முறை. அவற்றுக்குத் துண்டை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தார். ரம்பம் நேர்கோட்டில் போகும். பிளவு இழையின் போக்கிலேயே போகும். இழை முனைக்கு முனை அறுபடாமல் ஓடினால்தான் மெல்லிய பொருளும் ஒடியாது. பிளந்ததைச் சதுரமாகச் செதுக்கி, முனையில் மூலைக்கு மூலை கோடிழுத்து மையம் குறித்தார்.

இந்த வேலையை மலைமேலேயே செய்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு மீட்டர் நீளமும் 60 செ.மீ. விட்டமும் உள்ள பச்சைத் தண்டு 250 கிலோவுக்குக் குறையாது. காரவள்ளிக்கு இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கழிவை மேலேயே விட்டுவிட்டுக் கட்டையை மட்டும் இறக்கினால் பாரமும் செலவும் பாதியாகும். கழிவும் எங்கள் அடுப்புக்கு ஆகும்.

காயவைத்தல்

வெட்டுமுகங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, ஒவ்வொரு கட்டையிலும் தேதியும் எடையும் எழுதினோம். காற்றோட்டமுள்ள கொட்டகையில், தரை படாமல், கட்டைக்குக் கட்டை இடைக்குச்சி வைத்து அடுக்கினோம். வெயிலும் நேர்க்காற்றும் படக்கூடாது. பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் முன்பே நீக்கியதால் பூச்சிக்கு வேலையில்லை.

காய்ந்துவிட்டது என்று எப்படி அறிவது? தராசு சொல்லும். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றுவிட்டால் கட்டை சுற்றுப்புறக் காற்றோடு சமநிலை அடைந்துவிட்டது என்று பொருள். சமவெளியில் அது ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரம். துல்லியமாக அறிய விரும்பினால் நம் ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். சிறு துண்டை நிறுத்து, 103 பாகை செல்சியசில் எடை மாறாத வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். 150 கிராம் துண்டு 100 கிராம் ஆனால் ஈரம் 50 விழுக்காடு. உலர்ந்த எடையைக் கொண்டு வகுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது மரத்தொழிலில் வழங்கும் பழைய கணக்கு. அவ்வளவு காத்திருக்க முடியாதவர் பச்சையாகவே ஒருமுறை தடிப்பாகக் கடைந்து வைக்கலாம். பத்து அங்குலக் கிண்ணத்துக்குச் சுவர் ஓர் அங்குலம் விட வேண்டும். காயும்போது வட்டம் முட்டை வடிவாகும். அதற்கென்று விட்ட தடிப்பில் மறுமுறை கடைந்து வட்டமாக்கிக்கொள்ளலாம்.

முடிவுரை

எங்கள் பலாமரத்திலிருந்து கட்டில் கால்களுக்கான கட்டைகளும், மத்துகளுக்கும் மரவைகளுக்குமான கட்டைகளும் கிடைத்தன. விறகு விலையைவிட நல்ல விலை கிடைத்தது. ஆனால் மிருதங்கமாகியிருக்க வேண்டிய இரண்டு உருளைகள் என்னால் விறகாயின. தங்கையின் கட்டணத்துக்குத் தந்தையார் ஓர் ஆட்டை விற்றார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. வெடித்த உருளையிலிருந்து பிளந்தெடுத்த துண்டில் ஆசாரி அய்யா எனக்கு ஒரு பம்பரம் கடைந்து கொடுத்தார். அது என் விடுதி அறை மேசையில் இருக்கிறது.

மரம் சாய்ந்த அன்று அப்பாயி வேறொரு காரியமும் செய்தார். மரத்தோடு விழுந்த கடைசிப் பழங்களைப் பிளந்து, கொட்டைகளை அன்றே ஈரத்துணியில் சுற்றி வைத்து, அந்த வாரமே ஊன்றிவிட்டார். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது என்பதை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை. நானோ அதைப் பாடமாகவே படித்திருக்கிறேன். மரத்தை மெல்லக் காயவைக்க வேண்டும். விதையைக் காயவே விடக்கூடாது. இரண்டையும் செய்யத் தெரிந்தவர்கள் நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். நண்பர்களே, அவர்கள் ஒன்றைச் செய்யச் சொன்னால், அது ஏன் என்று நூலகத்தில் தேடுங்கள். தேடுமுன் அவர்கள் சொன்னபடி செய்துவிடுங்கள்.

ஊன்றிய கொட்டைகளில் ஐந்து முளைத்தன. வேர்த்தட்டு பெயர்ந்த அதே குழியில் ஒன்றை நட்டிருக்கிறோம். இப்போது என் முழங்கால் உயரம்.